ஹோல்ஸ்டரிலிருந்து முதல் தோட்டா வரை

ஏழு மீட்டர் தூரத்தில் 15 செ.மீ. அகலத்தில் ஒரு தாள் வட்டம். டைமர் ஒலித்ததும் இடுப்பில் மாட்டிய ஹோல்ஸ்டரிலிருந்து, அதாவது துப்பாக்கி உறையிலிருந்து, பிஸ்டலை உருவி அதில் ஒரு தோட்டா போட வேண்டும். இதற்கு எனக்கு 2.3 நொடி ஆகிக்கொண்டிருந்தது. ஓரளவு நன்றாகச் சுடுபவர்கள் இதே வேலையை ஒன்றரை நொடியில் முடிக்கிறார்கள். தேர்ந்தவர்களுக்கு ஒரு நொடி போதும். எனக்கு மட்டும் அந்த முக்கால் நொடி எங்கே போகிறது என்று தேடிக் கண்டுபிடித்ததும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பிடித்ததும்தான் இந்தப் பதிவு.

கையை இன்னும் வேகமாக அசைத்தால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அதைச் செய்வதற்கு முன்னால் ஃபோனைப் பக்கவாட்டில் நிறுத்தி, நொடிக்கு 240 ஃப்ரேம் வேகத்தில் படம் பிடித்தேன். ஒரு ஃப்ரேம் என்பது ஏறக்குறைய 4 மில்லி நொடி. ஃப்ரேம்களை எண்ணினால் எந்த அசைவுக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கு கிடைத்துவிடும். ஒலி கேட்டுக் கை அசையத் தொடங்க 0.2 நொடி. கை பிஸ்டலின் பிடியை அடைய 0.4. உருவி, இரண்டு கையும் சேர்ந்து முன்னால் நீள 0.6. ஆக 1.2 நொடியில் பிஸ்டல் கண்ணுக்கு எதிரே வந்துவிட்டது. மீதி 1.1 நொடி அது அங்கேயே நிற்கிறது.

சும்மா நிற்கவில்லை. வலது கை பிடிக்குள் இரண்டு முறை இடம் மாறுகிறது. இடது கை விட்டுப் பிடிக்கிறது. தலை கீழே இறங்குகிறது. முன் சைட், அதாவது குறிபார்க்கக் குழலின் நுனிமேல் இருக்கும் மேடு, எங்கே என்று தேடல் நடக்கிறது. அதற்கெல்லாம் பிறகுதான் விரல் ட்ரிகரை அழுத்துகிறது. அப்படியானால் கையை எவ்வளவு வேகமாக வீசினாலும் மிச்சமாவது ஒரு பத்திலொரு பங்கு நொடிதான். கடைசியில் வீணாகிற 1.1 நொடிக்கான காரணம் தொடக்கத்தில், ஹோல்ஸ்டருக்குள் கை விழுகிற விதத்தில் இருந்தது.

நான் வந்த வழியும் இதற்கு ஒரு காரணம். 10 மீட்டர் ஏர் பிஸ்டலிலும் பிறகு 25 மீட்டர் பிஸ்டலிலும் ஒற்றைக் கையால் சுட்டுப் பழகியவன் நான். அந்தப் போட்டிகளில் ஏர் பிஸ்டலின் ட்ரிகர் எடை குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் ஸ்போர்ட் பிஸ்டலில் 1000 கிராம் இருந்தால் போதும். அதைவிட முக்கியமானது, அந்தப் பிஸ்டல்களின் மரப்பிடி கையின் வடிவத்துக்கே செதுக்கப்பட்டிருக்கும், உள்ளங்கையின் அடியில் தாங்க ஒரு தட்டும் உண்டு. கையை உள்ளே நுழைத்தால் அது தானாகவே சரியான இடத்தில் உட்கார்ந்துவிடும். பெல்ட்டில் தொங்கும் 9 மி.மீ. சர்வீஸ் பிஸ்டலில் அந்த உதவியெல்லாம் கிடையாது. பிடியைக் கைதான் தேடிப் பிடிக்க வேண்டும், ட்ரிகரோ இரண்டரை கிலோவுக்குப் பக்கத்தில். பல வருடம் துல்லியமாகச் சுட்டவனுக்கு இந்த இரண்டும் புதிதுதான்.

பயிற்சிக்குள் போவதற்கு முன் ஒரு விஷயம். இதில் பெரும்பகுதி தோட்டா இல்லாமல் வீட்டில் செய்தது, அதாவது ட்ரை ஃபயர். தோட்டா இல்லை என்ற நினைப்புதான் இந்தப் பயிற்சியின் பெரிய ஆபத்து. அதனால் தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில், பூட்டிய பெட்டியில். மேகசினைக் கழற்றி, மேலே நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்த பிறகே ஹோல்ஸ்டர். குறித்தாள் ஒட்டுவது, தவறிப்போய் ஒரு தோட்டா கிளம்பினாலும் தடுத்து நிறுத்தக்கூடிய சுவரில் மட்டும். பயிற்சி முடிந்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிட்டு, ‘முடிந்தது’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் பிஸ்டலைத் திரும்ப லோட் செய்த பிறகு ‘இன்னும் ஒரு தடவை பார்ப்போமே’ என்று கை போகிற நேரம்தான் விபத்துகளுக்குப் பேர்போனது. தொடக்கத்தில் கொஞ்ச காலம் சுடவே முடியாத பிளாஸ்டிக் மாதிரித் துப்பாக்கியை வைத்துத்தான் உருவினேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் அதையே சொல்வேன். முதல் சில மாதங்கள் பக்கத்தில் பார்த்துத் திருத்த ஒரு பயிற்சியாளர் இருப்பதும் அவசியம். தோட்டாவோடு செய்ய வேண்டியதெல்லாம், ஹோல்ஸ்டரிலிருந்து உருவ அனுமதிக்கிற சுடுதளத்தில் மட்டும்தான்.

சரி, முதலில் கருவி. என் கையைத் திருத்துவதற்கு முன்னால் பெல்ட்டைத் திருத்த வேண்டியிருந்தது. வீடியோவில் பிஸ்டல் மேலே எழும்போது பெல்ட்டும் ஹோல்ஸ்டரும் இரண்டு விரற்கடை கூடவே எழுந்தன. அதற்குப் பிறகுதான் பிஸ்டல் தனியாகப் பிரிந்தது. பேன்ட்டுக்குப் போடுகிற சாதாரணத் தோல் பெல்ட் இதற்கு ஆகாது. உள்ளே ஒரு வெல்க்ரோ பெல்ட், அதன்மேல் ஒட்டிக்கொள்கிற விறைப்பான வெளி பெல்ட் என்று இரண்டடுக்கு பெல்ட்டுக்கு மாறியதும் அந்த ஆட்டம் நின்றுவிட்டது. இந்த ஒன்றைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பயனில்லை. ஹோல்ஸ்டர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இருந்தால்தானே கை ஒரே இடத்துக்குப் போகப் பழகும்?

ஹோல்ஸ்டர் கைடெக்ஸ் வகை, அதாவது சூட்டில் இளகி வடிவம் எடுக்கிற பிளாஸ்டிக். அதன் இறுக்கத்தை இரண்டு ஸ்க்ரூக்களும் அவற்றின் நடுவே இருக்கிற ரப்பர் வாஷர்களும் தீர்மானிக்கின்றன. காலி பிஸ்டலை மாட்டி, ஹோல்ஸ்டரைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் விழக்கூடாது. அதே சமயம் உருவும்போது பெல்ட்டைப் பிடித்து இழுக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் மிகக் குறுகலானது. ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பித்தான் அதைப் பிடிக்க முடியும். பிடித்த பிறகு ஸ்க்ரூ தளராமலிருக்க மரையில் நீல நிறப் பசை ஒரு சொட்டு. சிவப்பு நிறப் பசை வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும், கைடெக்ஸ் அருகில் அது வம்பு.

ஹோல்ஸ்டரின் சாய்வையும் மாற்றினேன். வாங்கும்போது பிடி முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. சட்டைக்குள் மறைத்து அணிபவர்களுக்கு அது வசதி. திறந்த ஹோல்ஸ்டரில் உருவும்போது அந்தச் சாய்வு மணிக்கட்டைத் தேவையில்லாமல் மடக்க வைக்கிறது. செங்குத்தாகத் திருப்பி, பேன்ட்டின் பக்கத் தையலுக்கு நேராக நிறுத்தினேன். உடம்புப் பக்கம் எழும்பி நிற்கும் கைடெக்ஸ் தகடு, கட்டைவிரல் இடுக்கைப் பிடியின் உச்சிக்குப் போகவிடாமல் முட்டிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் அறுத்து, 400, 600 எண் உப்புத்தாளால் விளிம்பை மழுக்கினேன். ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிகர் கார்டை மூடுகிற பகுதியை மட்டும் தொடவே கூடாது. அது முழுதாக மூடியிருப்பதுதான் ஹோல்ஸ்டரின் முதல் வேலை.

இனி கை. பிடியில் கை விழ வேண்டிய இடத்துக்கு மூன்று அடையாளங்கள் வைத்துக்கொண்டேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள இடுக்கு, பிடியின் பின்புற உச்சியில், இதற்கு மேல் ஏறாது என்கிற அளவுக்கு அழுந்த வேண்டும். நடுவிரலின் பக்கம் ட்ரிகர் கார்டின் அடியில் முட்ட வேண்டும். ஆள்காட்டி விரல் ஹோல்ஸ்டரின் வெளிப்புறமாக நேராக நீண்டிருக்க வேண்டும். உருவிய பிறகும் அது அப்படியே நீண்டு பிஸ்டல் உடலின் பக்கவாட்டில்தான் இருக்கும். மேலேயிருந்து இடுக்கை அழுத்துவதும் கீழேயிருந்து நடுவிரல் முட்டுவதும் ஒரே நேரத்தில் உணர்ந்தால் கை சரி. உணரவில்லையென்றால் பிஸ்டல் வெளியே வரக்கூடாது.

கை உயரமாகப் பிடிப்பதற்குக் காரணம் எளிய இயந்திரவியல்தான். குழலின் அச்சுக்கும் கைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு அதிகமோ, பின்னுதைப்பு அவ்வளவு நெம்பி முனையை மேலே தூக்கும். என் கை ஒரு விரலளவு கீழே விழுந்துகொண்டிருந்தது. அதைப் பிஸ்டல் கண்ணுக்கு எதிரே வந்த பிறகு மேலே நகர்த்திச் சரிசெய்யப் பார்த்ததுதான் வீடியோவில் தெரிந்த அந்த இரண்டு இடமாற்றங்கள். ஹோல்ஸ்டருக்குள் தப்பாக விழுந்த பிடியை நடுவழியில் திருத்த முடியாது. ஒரு கையால் திருத்தினால் பிஸ்டல் ஆடும், இரண்டு கையும் சேர்ந்த பிறகு திருத்தினால் இடது கையும் விட்டுப் பிடிக்க வேண்டியிருக்கும்.

அதனால் நீண்ட நாள் நான் பிஸ்டலை உருவவே இல்லை. கை தொங்கிய நிலையிலிருந்து பிடிக்குப் போகும், மூன்று அடையாளமும் இருக்கிறதா என்று நின்று பார்க்கும், திரும்பி வரும். அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு அலுப்பாக இருக்கும், செய்கிறவருக்கு அதைவிட அலுப்பு. முதலில் குனிந்து பார்த்துக்கொண்டு, அப்புறம் குறியைப் பார்த்தபடி, பிறகு கண்ணை மூடிக்கொண்டு. இந்தப் பதிவிலிருந்து ஒரே ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் இதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரத்தை மிச்சம் பிடித்தது இதுதான்.

இடது கைக்கும் இந்த நேரத்தில் ஒரு வேலை உண்டு. வலது கை பிடிக்குப் போகும் அதே கணத்தில் இடது கை நெஞ்சுக்குக் கீழே, உடம்போடு ஒட்டிப் படிந்துவிட வேண்டும். இரண்டு காரணம். முதலாவது பாதுகாப்பு: அது காற்றில் அலைந்தால் உருவி வரும் குழலின் முனைக்கு எதிரே போய்விடும். துப்பாக்கியின் முனை எதை அழிக்க விரும்பவில்லையோ அதன் மேல் ஒரு கணமும் படக்கூடாது என்கிற விதியில் சொந்தக் கையும் சேர்த்திதான். ஐ.பி.எஸ்.சி. என்கிற சர்வதேச அமைப்பின் வேகத் துப்பாக்கிப் போட்டிகளில் முனை சொந்தக் கையின் மேல் போனால் போட்டியை விட்டே வெளியேற்றிவிடுவார்கள். இரண்டாவது காரணம், இரண்டு கையும் சந்திக்கிற இடம் அந்த நெஞ்சுக்கு முன்புறம்தான். முன்கூட்டியே அங்கே போய்க் காத்திருக்கும் கை அவசரப்பட வேண்டியதில்லை.

உருவுவது, திருப்புவது, சேர்ப்பது, நீட்டுவது. பயிற்சியாளர்கள் உருவலை இப்படித்தான் படிப்படியாகப் பிரித்துச் சொல்வார்கள். பிஸ்டல் நேராக மேலே, விலா எலும்பு வரை வரும். முனை ஹோல்ஸ்டரைத் தாண்டியதும் அங்கேயே குறியை நோக்கித் திரும்பும். நெஞ்சுக்கு முன்னால் இடது கை பக்கவாட்டிலிருந்து வந்து சேரும். பிறகு இரண்டும் சேர்ந்து கண் மட்டத்தில் முன்னோக்கி நீளும். இதில் எனக்கு இரண்டு வழுக்கல்கள் மாறிமாறி வந்தன. ஒன்று, முனை கீழிருந்து ஊஞ்சலாடி மேலே எழுந்து குறியைத் தாண்டிப் போவது. மற்றது, தூண்டிலை வீசுவதுபோல முனை வானத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குவது. இரண்டிலும் முன் சைட் கண்ணுக்குத் தெரிவது கடைசிக் கணத்தில்தான். நெஞ்சு உயரத்திலேயே முனை குறியைப் பார்த்துவிட்டால், நீட்டும்போது பாதி வழியிலிருந்தே முன் சைட் கண்ணின் கீழ் ஓரத்தில் தெரியத் தொடங்கும். கை முழுதாக நீள்வதற்குள் தேடல் முடிந்துவிடும். கடைசி 1.1 நொடியில் ஒரு பெரிய துண்டு இங்கே கழிந்தது.

சந்திக்கும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வலது கை பிடித்த பிறகு பிடியின் இடப்பக்கத்தில் ஒரு வெற்றிடம் மிஞ்சும். இடது உள்ளங்கையின் அடிப்பகுதி அந்த இடத்தில்தான் முழுதாகப் படிய வேண்டும். அதற்கு இடது மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கி, விரல்கள் ஏறக்குறைய 45 பாகை சரிந்து ட்ரிகர் கார்டின் அடியில் இறுக அணைய வேண்டும். இரண்டு கட்டைவிரலும் குறியை நோக்கி நீண்டிருக்கும். ஒரு எச்சரிக்கை: ரிவால்வரில் இப்படிக் கட்டைவிரலை முன்னால் நீட்டக்கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கிலிருந்து வெளியேறும் சூடான வாயு விரலைப் பதம் பார்த்துவிடும். எந்தக் கை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. எனக்குப் பலன் தந்தது, இடது கையை நன்றாக இறுக்கி வலது கையைச் சற்றுத் தளர்த்துவது. வலது கை முழுதும் இறுகினால் ட்ரிகர் விரலும் சேர்ந்து விறைத்துவிடுகிறது.

நிற்கும் விதத்துக்கு வருவோம். ஒற்றைக் கையால் சுடும் நாங்கள் குறிக்குப் பக்கவாட்டில் திரும்பி, முதுகைச் சற்றே பின்னால் சாய்த்து நிற்போம். எடை பிடித்த கைக்குச் சமமாக உடம்பு பின்னால் போவது. அறுபது தோட்டாவை நிதானமாகச் சுட அது சரி. அடுத்தடுத்து ஆறு தோட்டா சுடும்போது ஒவ்வொரு உதையும் ஆளைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும்.

இரண்டு கைக்கு இரண்டு பெரிய மரபுகள் உண்டு. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஜெஃப் கூப்பர் நடத்திய வேக உருவல் போட்டிகளில், பலரும் இடுப்பு உயரத்திலிருந்தே சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், ஜாக் வீவர் என்கிற காவல்துறைக்காரர் கைத்துப்பாக்கியைக் கண் மட்டத்துக்குத் தூக்கி இரண்டு கையாலும் பிடித்துச் சுட்டு ஜெயித்தார். உடம்பைச் சற்றுத் திருப்பி, இடது முழங்கையை மடக்கி, வலது கை தள்ள இடது கை இழுக்கிற அந்த நிலைக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. கூப்பர்தான் 1976-இல் ஐ.பி.எஸ்.சி. தொடங்கியபோது அதன் முதல் தலைவர். 1980-களில் ராப் லேதம், பிரையன் ஈனோஸ் என்ற அமெரிக்கப் போட்டியாளர்கள் உடம்பைக் குறிக்கு நேராக வைத்து, இரண்டு கையையும் சமமாக நீட்டுகிற ஐசாசலிஸ் நிலையில் சுட்டு வெல்லத் தொடங்கினார்கள். இன்று போட்டித் தளங்களில் பெரும்பாலும் காண்பது அதுதான்.

பக்கவாட்டில் நின்றே பழகியவன் என்பதால் வீவர் எனக்கு எளிதாக வந்தது. முதல் தோட்டா அதில் நன்றாகவே போனது. இரண்டாவது, மூன்றாவது தோட்டாக்களில் தள்ளலும் இழுப்பும் சமமாக இல்லாமல் முன் சைட் ஒரு மூலையை நோக்கியே துள்ளியது. வலப்பக்கக் குறிக்குத் திரும்பும்போது உடம்பு முறுக்கிக்கொண்டது. ஐசாசலிஸில் சைட் நேராக மேலே போய் நேராகக் கீழே வருகிறது, இடுப்பிலிருந்து எந்தப் பக்கமும் திரும்பலாம். அதனால் அதிலேயே நின்றுவிட்டேன். இடது கையில் மூட்டுவலி உள்ளவர்களுக்கும், வலது கையால் சுட்டாலும் இடது கண் ஓங்கிய சிலருக்கும் வீவர் பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை ஒழித்துக்கட்டி இன்னொன்றைத் தூக்கிப்பிடிக்கிற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை.

பாதங்கள் தோள் அகலம் அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல். வலது பாதம் அரை அடி பின்னால். முழங்கால் லேசாக மடங்கி, உடம்பின் எடை பாதத்தின் முன்பகுதியில். தோள்கள் இடுப்பைவிடக் கொஞ்சம் முன்னால். முழங்கை பூட்டிக்கொள்ளாமல் ஒரு நூல் தளர்வு. இதெல்லாம் எழுதினால் ஒரு வரி, நின்று பார்த்தால் ஒவ்வொன்றும் மற்றதை இழுத்துக்கொண்டு போகும். எடையை முன்னால் கொண்டுபோனால் தோள் காதுவரை ஏறிவிடும். தோள் ஏறினால் தலை இறங்கும். தலை இறங்கினால் புருவத்தின் ஊடே பார்க்க வேண்டிவரும். ‘தலையை ஏங்க பிஸ்டலுக்குக் கொண்டு போறீங்க? பிஸ்டலைக் கண்ணுக்குக் கொண்டு வாங்க’ என்று பயிற்சியாளர் சொல்லிக்கொண்டே இருப்பார். நெஞ்சுயரக் கண்ணாடியின் முன் நின்று, தலையின் உச்சிக்கு நேராகக் கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டிவிட்டு உருவினேன். ஒரு கோணத்தில் பக்கவாட்டாக நின்றுதான், பிம்பத்தை நோக்கிக் குறிவைக்காமல். உருவலின் முடிவில் தலை டேப்புக்குக் கீழே போனால் அந்த முறை கணக்கில் சேராது.

நிலை சரியா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது, ஒற்றைக் கை ஆட்டத்திலிருந்தே கொண்டுவந்தது. குறியைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடு. காலி பிஸ்டலை மெதுவாக உருவி நீட்டு. கண்ணைத் திற. சைட் குறியின் இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகியிருந்தால் கையைத் திருப்பிச் சரிசெய்யக்கூடாது, பாதத்தை நகர்த்த வேண்டும். கையால் திருத்தினால் தசை பிடித்து வைத்திருக்கும், அடுத்த உதையில் விட்டுவிடும். இதை வீட்டில் மட்டும்தான் செய்ய வேண்டும், சுடுதளத்தில் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தொடுவது என்ற பேச்சே இல்லை.

ட்ரிகர். விரல் உள்ளே போவது முனை குறியை நோக்கி நிலைத்த பிறகு, கைகள் நீளும் கடைசிப் பகுதியில்தான். அதற்கு முன்னால் போனால் நேரம் மிச்சமாகாது, தொடையில்தான் ஓட்டை விழும். ஒரு கிலோ ட்ரிகருக்குப் பழகிய என் விரல், இரண்டரை கிலோவைக் கண்டதும் மற்ற விரல்களையும் உதவிக்குக் கூப்பிட்டது. எல்லா விரலும் சேர்ந்து இறுகினால் வலக்கைக்காரருக்குத் தோட்டா இடப்பக்கம் கீழே போகும். எவ்வளவு போகும்? முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 165 மி.மீ. தூரமுள்ள பிஸ்டலில் முன் சைட் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் தோட்டா ஏறக்குறைய 6 செ.மீ. தள்ளி விழும். 15 செ.மீ. வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு ஏழரை செ.மீ.தான்.

இதற்கு வைத்தியம் பழையதே. காலி பிஸ்டலின் முன் சைட்டுக்குப் பின்னால் ஸ்லைடின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் ட்ரிகரை அழுத்தப் பழகுவது. அது கைவந்த பிறகு உருவலோடு சேர்ப்பது. சுத்தியலுக்குப் பதில் உள்ளே ஊசி பாய்கிற ஸ்ட்ரைக்கர் வகைப் பிஸ்டலில் ஒரு ‘டிக்’ கேட்ட பிறகு ஸ்லைடை இழுத்துவிட்டால்தான் அடுத்த டிக். இது தொல்லையாகத் தோன்றினாலும் நல்லதுதான். ஒவ்வொரு உருவலுக்கும் ஒரே ஒரு அழுத்தல் என்று ஆகிவிடுகிறது, அவசரம் குறைகிறது.

இந்தப் பயிற்சியில் அதுவரை டைமரை நான் தொடவில்லை. கடைசியில்தான் அதை எடுத்தேன். இந்த டைமர்களில் இரண்டு ஒலிகளுக்கு நடுவே இவ்வளவு நேரம் என்று வைத்துக்கொள்ளலாம், முதல் ஒலிக்குத் தொடங்கி இரண்டாவது ஒலிக்குள் முடிக்க வேண்டும். தாராளமாக 2.5 நொடி வைத்துத் தொடங்கி, பிடியின் மூன்று அடையாளமும் அசையாத சைட்டும் தொடர்ந்து கிடைத்தால் மட்டும் பத்திலொரு நொடி குறைப்பேன். 1.6-க்கு வந்ததும் பிடி மறுபடி கீழே விழத் தொடங்கியது. உடனே 1.8-க்குப் போய், பிடியை மட்டும் திரும்பப் பார்த்து, அப்புறம் இறங்கினேன். வேகத்தை ஏற்றும்போது கெடுவது கடைசிப் பகுதி என்று நினைப்போம். எனக்கு ஒவ்வொரு முறையும் முதலில் கெட்டது பிடிதான்.

சுடுதளத்தில் தோட்டாவோடு சுட்டபோது வீட்டில் தெரியாத ஒன்று தெரிந்தது: உதையை எதிர்பார்த்து மணிக்கட்டு முன்கூட்டியே குனிகிறது. நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, நிஜத் தோட்டாக்களின் நடுவே எனக்குத் தெரியாமல் டம்மி தோட்டாக்களைக் கலந்து நிரப்பச் சொன்னேன். டம்மி வரும் இடத்தில் சத்தமும் இல்லை, உதையும் இல்லை, முனை மட்டும் பட்டென்று குனியும். மறைக்கவே முடியாது. இது ஒரேயடியாகப் போய்விடுகிற வியாதி இல்லை, ஆகவே ஒவ்வொரு சுடுதள நாளையும் இப்படித்தான் தொடங்குகிறேன்.

இப்போது ஏழு மீட்டர் வட்டத்தில் பெரும்பாலும் 1.5-இலிருந்து 1.6 நொடி. ஃப்ரேம் கணக்கு பார்த்தால் ஒலிக்குப் பிறகான 0.2 அப்படியே இருக்கிறது. கை பிடிக்குப் போவதும் 0.4-தான், மாறவில்லை. உருவி நீட்டுவது 0.6-இலிருந்து 0.5 ஆகியிருக்கிறது. கண்ணுக்கு எதிரே பிஸ்டல் நின்ற 1.1 நொடி, அரை நொடிக்கும் கீழே வந்துவிட்டது.

1.3-க்கு இறக்க முடியாதா என்றால், முடியும், வட்டத்துக்கு வெளியே தோட்டா போகும். ஐ.பி.எஸ்.சி.யில் எடுத்த புள்ளியை நேரத்தால் வகுப்பார்கள். போட்டியின் ஒரு சுற்றில் பத்து நொடியில் 60 புள்ளி எடுக்கிற ஆளுக்கு ஒரு நொடியின் மதிப்பு 6 புள்ளி, 0.2 நொடிக்கு 1.2 புள்ளி. என் 9 மி.மீ. மைனர், அதாவது சக்தி குறைந்த தோட்டா, கணக்கில் வருவதால் குறித்தாளின் நடுவிலுள்ள ‘ஏ’ பகுதிக்கு 5, அதைச் சுற்றியுள்ள ‘சி’ பகுதிக்கு 3. அவசரத்தில் ஒரு தோட்டா ஏ-யிலிருந்து சி-க்கு நகர்ந்தாலே 2 புள்ளி போச்சு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு 1.3 மேல் இருந்த ஆசை தணிந்தது.

திரும்ப ஹோல்ஸ்டரில் வைப்பதற்கு டைமர் கிடையாது. எந்தப் போட்டியிலும் அதற்கு ஒரு புள்ளியும் இல்லை, ஆனால் ஹோல்ஸ்டர் விபத்துகளில் பல நடப்பது அப்போதுதான். சட்டை நுனியோ ஜாக்கெட்டின் நாடாவோ ட்ரிகர் கார்டுக்குள் சிக்கிக்கொண்டு பிஸ்டல் கீழே இறங்கினால், விரல் இல்லாமலே ட்ரிகர் அழுந்திவிடும். அதனால் பிஸ்டலை முதலில் நெஞ்சருகே கொண்டுவந்து நிறுத்துவேன், விரல் வெளியே நீண்டிருக்கிறதா என்று பார்ப்பேன், இடது கையால் சட்டையை ஒதுக்குவேன், குனிந்து ஹோல்ஸ்டரின் வாயைக் கண்ணால் பார்த்தபடி மெதுவாக இறக்குவேன். பார்க்காமல் வைப்பது கெட்டிக்காரத்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அடுத்து இருப்பது, மணிக்கட்டு தோளுக்கு மேலே உயர்த்தியிருக்கும் நிலையிலிருந்து உருவுவது. போட்டிகளில் அடிக்கடி கேட்பார்கள். கை மேலேயிருந்து இறங்கும்போது பிடியைத் தாண்டிக் கீழே போய்த் திரும்புகிறது என்று வீடியோ சொல்கிறது. ஆக, மறுபடியும் உருவாத பயிற்சிதான்: கை மேலிருந்து இறங்கும், மூன்று அடையாளத்தையும் பார்க்கும், திரும்பப் போகும்.